டாப் சீக்ரெட் ஃபைலை சாதாரண ஆப்பில் திறக்கலாமா? ராணுவ ரகசியங்களைக் காக்கும் 'லேபிள்' முறை எப்படி வேலை செய்கிறது? முழு விளக்கம்

2005ஆம் ஆண்டு மார்ச் 4. இராக்கில் கடத்தப்பட்டிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனாவை மீட்டு, காரில் பாக்தாத் விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார் இத்தாலிய உளவுத்துறை அதிகாரி நிக்கோலா கலிபாரி. வழியில் இருந்த அமெரிக்க ராணுவச் சோதனைச் சாவடியிலிருந்து பாய்ந்த குண்டில் அவர் உயிரிழந்தார்.

இந்தச் சம்பவம் பற்றிய விசாரணை அறிக்கையை அமெரிக்க ராணுவம் சில வாரங்களில் பிடிஎஃப் ஃபைலாக வெளியிட்டது. ரகசியமான பகுதிகள் எல்லாம் கறுப்புக் கட்டங்களால் மறைக்கப்பட்டிருந்தன. ஆனால், அந்தக் கறுப்புப் பகுதியை செலக்ட் செய்து, காப்பி எடுத்து, வேறொரு ஃபைலில் பேஸ்ட் செய்தால் போதும். வீரர்களின் பெயர்கள் உட்பட மறைத்தது எல்லாமே அப்படியே வந்து நின்றது.

யாரும் ஹேக் செய்யவில்லை. பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை. எழுத்துகளின் மேல் கறுப்பு நிறம் மட்டும் பூசப்பட்டிருந்தது, அடியில் எழுத்துகள் அழியாமல் இருந்தன. அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2003 பிப்ரவரியில் பிரிட்டன் அரசும் இதேபோல மாட்டிக்கொண்டது. இராக் பற்றி அது வெளியிட்ட ஆவணம் ஒரு வேர்டு ஃபைல். அந்த ஃபைலைக் கடைசியாக யார் யார் திருத்தினார்கள் என்ற பட்டியலும் அதற்குள்ளேயே ஒளிந்திருந்தது.

இரண்டிலும் ரகசியத்தை வெளியே விட்டது நாம் தினமும் பயன்படுத்துகிற சாதாரண சாஃப்ட்வேர்தான். ராணுவத்திலும் உளவுத்துறையிலும் அதே வேர்டு, அதே எக்செல், அதே மெயில், அதே பிரவுசர்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் இவை எதுவும் ரகசியத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

அப்படின்னா, நம்ப முடியாத ஆப்பின் கையில் நாட்டின் ரகசியத்தை எப்படிக் கொடுப்பது? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக கம்ப்யூட்டர் நிபுணர்கள் பதில் தேடி வரும் கேள்வி இது. அந்தப் பதிலின் ஒரு பகுதி இப்போது உங்கள் கையில் உள்ள போனுக்குள்ளும் இருக்கிறது.

'பல அடுக்கு ரகசியம்' என்றால் என்ன?

அமெரிக்காவில் அரசு ரகசியங்களுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. கான்ஃபிடென்ஷியல், அதற்கு மேல் சீக்ரெட், அதற்கும் மேல் டாப் சீக்ரெட். வெளியானால் நாட்டின் பாதுகாப்புக்கு எவ்வளவு சேதம் வரும் என்பதை வைத்து ஒவ்வொரு ஆவணமும் ஓர் அடுக்கில் வைக்கப்படுகிறது. இந்த மூன்றிலும் சேராதவை சாதாரண ஆவணங்கள். இந்தியாவில் இதேபோல நான்கு அடுக்குகள் இருக்கின்றன. டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல் ஆகியவற்றுக்குக் கீழே ரெஸ்ட்ரிக்டட் என்று ஒன்று கூடுதலாக உண்டு.

ஆவணத்துக்கு அடுக்கு இருப்பதுபோல ஆளுக்கும் அடுக்கு உண்டு. பின்னணியை விசாரித்த பிறகே 'இவர் சீக்ரெட் வரை பார்க்கலாம்' என்று அனுமதி தருவார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. டாப் சீக்ரெட் அனுமதி இருந்தாலே எல்லா டாப் சீக்ரெட் ஆவணங்களையும் பார்த்துவிட முடியாது. நீர்மூழ்கிக் கப்பல் வேலையில் இருப்பவருக்கு உளவு செயற்கைக்கோள் பற்றிய ஃபைல் எதற்கு? அதனால் அடுக்குகளுக்குள்ளேயே தனித்தனி அறைகள்போல பிரிவுகளும் உண்டு.

காகிதக் காலத்தில் இது எளிதாக இருந்தது. ஃபைலின் மேல் முத்திரை குத்தலாம், தனித்தனி பீரோவில் பூட்டலாம், வாசலில் காவலரை நிறுத்தலாம். ஆனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க் ஒன்று, மெமரி ஒன்று, காப்பி-பேஸ்ட் செய்யும் கிளிப்போர்டும் ஒன்று. எல்லா அடுக்கும் ஒரே அறையில் கலந்து கிடக்கிற மாதிரி.

அடுக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தால் போதாதா?

பெரும்பாலும் செய்யப்படுவது அதுதான். அமெரிக்க ராணுவத்தில் ரகசியமில்லாத வேலைக்கு 'நிப்பர்நெட்', சீக்ரெட் வரையான வேலைக்கு 'சிப்பர்நெட்', டாப் சீக்ரெட்டுக்கு 'ஜேவிக்ஸ்' எனத் தனித்தனி நெட்வொர்க்குகள் இருக்கின்றன. ஒரே அதிகாரியின் மேஜையில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பது அங்கே சாதாரணம்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. எந்த ஆப்பையும் மாற்றி எழுத வேண்டாம். சீக்ரெட் நெட்வொர்க்கில் இருக்கும் வேர்டுக்குத் தான் ரகசியத்தைக் கையாள்கிறோம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இதுல என்ன சிக்கல்?

ஒரு தளபதி தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வானிலை அறிக்கை ரகசியமே இல்லை. படைகள் இருக்கும் இடம் சீக்ரெட். எதிரியின் இடம் பற்றிய உளவுத் தகவல் டாப் சீக்ரெட். மூன்றும் ஒரே மேப்பில் தெரிந்தால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். நெட்வொர்க்குகள் பிரிந்திருந்தால் யாராவது ஒருவர் சிடியிலோ பென் டிரைவிலோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

2008இல் அந்தப் பென் டிரைவ் வழியாகத்தான் ஆபத்து உள்ளே நுழைந்தது. மத்தியக் கிழக்கில் உள்ள ஒரு ராணுவத் தளத்தில், லேப்டாப் ஒன்றில் செருகப்பட்ட பென் டிரைவிலிருந்து தீங்கான புரோகிராம் ஒன்று ராணுவ நெட்வொர்க்குக்குள் பரவியது. ரகசியமில்லாத நெட்வொர்க்கோடு நிற்காமல் ரகசிய நெட்வொர்க்குக்குள்ளும் போய்விட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அப்போதைய துணை அமைச்சர் வில்லியம் லின், 2010இல் எழுதிய கட்டுரையில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சம்பவத்துக்குப் பிறகு 2008 நவம்பரில் பென் டிரைவ் பயன்படுத்தவே ராணுவத்தில் தடை விதிக்கப்பட்டது.

சுவர் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் வேலை நடக்க வேண்டுமென்றால் மனிதர்கள் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வர வேண்டியிருந்தது.

ஆளை நம்பலாம், ஆப்பை ஏன் நம்பக்கூடாது?

ஓர் அதிகாரிக்கு சீக்ரெட் அனுமதி இருக்கிறது. அவர் நேர்மையானவர். மொழிபெயர்ப்பு ஆப் ஒன்றை அவர் பயன்படுத்துகிறார், அது நன்றாகவே மொழிபெயர்க்கிறது. ஆனால் அதை எழுதியவர் உள்ளே இன்னொரு வேலையையும் ஒளித்து வைத்திருக்கிறார். திறக்கிற ஒவ்வொரு சீக்ரெட் ஃபைலையும் ஒரு பிரதி எடுத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஃபோல்டரில் போட்டுவிடும்.

அதிகாரி எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் ஆப் அவருடைய பெயரில், அவருடைய அனுமதியில்தான் ஓடுகிறது. அவரால் எதைத் திறக்க முடியுமோ அதையெல்லாம் ஆப்பாலும் திறக்க முடியும். இந்த வகை புரோகிராமுக்குத்தான் 'ட்ரோஜன் ஹார்ஸ்' என்று பெயர்.

வழக்கமான பாதுகாப்பு இதைத் தடுக்காது. 'இந்த ஃபைலை யாரோடு பகிரலாம்?' என்பதை உரிமையாளரே முடிவு செய்யும் முறைதான் நாம் எல்லோரும் பயன்படுத்துவது. உரிமையாளரின் பெயரில் ஓடும் ஆப் அந்த முடிவை மாற்றிவிட முடியும்.

லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒவ்வொரு ஆப்பையும் வரி வரியாகச் சோதிப்பதும் நடக்கிற காரியம் இல்லை. அதோடு, வாரா வாரம் அப்டேட் வேறு வந்துகொண்டே இருக்கும்.

1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கை இந்தக் கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பியது. ஆப்பை நம்பாதீர்கள். ஆப்புக்கும் டேட்டாவுக்கும் நடுவே ஒரு சின்னக் காவலரை வையுங்கள். அந்தக் காவலரை மட்டும் நம்பினால் போதும்.

அந்தக் காவலருக்கு மூன்று தகுதிகள் வேண்டும்.

• அவரைத் தாண்டாமல் எந்த ஃபைலையும் யாரும் தொட முடியக்கூடாது.
• அவரை யாரும் மாற்றவோ ஏமாற்றவோ முடியக்கூடாது.
• முழுவதுமாகச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அவர் சின்னதாக இருக்க வேண்டும்.

அபார்ட்மென்ட்டில் இருநூறு வீடு இருக்கலாம். ஒவ்வொரு வீட்டு விருந்தாளியின் குணத்தையும் ஆராய முடியாது. ஆனால் உள்ளே வர ஒரே கேட், அதில் தூங்காத ஒரு வாட்ச்மேன் என்றால் பாதுகாப்பு கைக்கு அடக்கமாகிவிடும். அந்த மாதிரிதான் இதுவும்.

இரண்டே விதிகள்

அந்தக் காவலர் எதை வைத்து முடிவெடுப்பார்? 1973இல் மைட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பைச் சேர்ந்த டேவிட் எலியட் பெல், லியோனார்ட் லபாடுலா இருவரும் இதைக் கணித வடிவில் எழுதினார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஓடுகிற ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு லேபிள். பிறகு இரண்டு விதிகள்.

முதல் விதி: மேலே படிக்காதே. சீக்ரெட் அளவில் ஓடும் ஆப், டாப் சீக்ரெட் ஃபைலைத் திறக்க முடியாது. இது யாருக்கும் புரியும்.

இரண்டாவது விதி: கீழே எழுதாதே. சீக்ரெட் அளவில் ஓடும் ஆப், ரகசியமில்லாத ஃபைலில் எதையும் எழுத முடியாது. முதல் தடவை கேட்கும்போது இது விசித்திரமாக இருக்கும். மேல் அடுக்கில் இருப்பவர் கீழே எழுதினால் என்ன தப்பு?

மொழிபெயர்ப்பு ஆப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். அது சீக்ரெட் ஃபைலைப் படித்தது, அதற்கு அனுமதி உண்டு. அடுத்து எல்லோரும் பார்க்கும் ஃபோல்டரில் அதை எழுதப் பார்க்கிறது. இரண்டாவது விதி அங்கேதான் குறுக்கே நிற்கிறது. ஆப்பின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று காவலர் ஆராயவில்லை. 'நீ சீக்ரெட் அளவில் ஓடுகிறாய், அந்த ஃபோல்டர் கீழே இருக்கிறது, முடியாது.' அவ்வளவுதான் கணக்கு.

இந்த விதியை ஃபைலின் உரிமையாளராலும் மாற்ற முடியாது. அதனால் அவர் பெயரில் ஓடும் ஆப்பாலும் மாற்ற முடியாது. நம்ப முடியாத ஆப்பைக்கூட ரகசியத்தின் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்ற துணிச்சல் வந்தது இந்த இடத்தில்தான்.

ஆப்பை மாற்றாமலேயே இது சாத்தியமா?

விதி எளிது, நடைமுறை அப்படி இல்லை. சாதாரண ஆப் சும்மா இருக்காது. தற்காலிக ஃபைல்களை எழுதும், செட்டிங்ஸைச் சேமிக்கும், கிளிப்போர்டில் எதையாவது போடும். 'கீழே எழுதாதே' என்று காவலர் ஒவ்வொரு முறையும் தடுத்தால் ஆப் குழம்பி நின்றுவிடும்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பெயரில் அடுக்குக்கு ஒரு ஃபோல்டர். ஆப் 'தற்காலிக ஃபோல்டர்' என்று கேட்கும். அது சீக்ரெட் அளவில் ஓடினால் சீக்ரெட் அடுக்கின் ஃபோல்டரும், சாதாரண அளவில் ஓடினால் வேறொரு ஃபோல்டரும் திறக்கும். ஆப்புக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

திரையில் ஒவ்வொரு விண்டோவின் மேலும் அதன் அடுக்கைக் காட்டும் வண்ணப் பட்டை இருக்கும். ஒரு விண்டோவில் காப்பி செய்ததை அதைவிடக் கீழான அடுக்கின் விண்டோவில் பேஸ்ட் செய்யப் பார்த்தால், காவலர் குறுக்கே வருவார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 'டிரஸ்டட் சோலாரிஸ்' இப்படி இயங்கிய ஆபரேட்டிங் சிஸ்டம்களில் ஒன்று.

ஆனால் ஒரு பெரிய இடைஞ்சல் வந்தது. இப்படிப்பட்ட சிஸ்டம்களைத் தரம் பிரிக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டு, 1985இல் திருத்தியது. அட்டையின் நிறத்தால் அதற்கு 'ஆரஞ்சு புக்' என்று பெயர் வந்தது. கடைசி நிலை 'டி', உச்ச நிலை 'ஏ1'. மேல் நிலைகளுக்கான சோதனை முடியவே ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் வெளியுலகில் புதுப் புது பெர்சனல் கம்ப்யூட்டர்களும் புது சாஃப்ட்வேரும் வந்து குவிந்தன.

விளைவு என்னவென்றால், மிகப் பாதுகாப்பான கம்ப்யூட்டரில் மக்களுக்குத் தேவையான ஆப் ஓடாது. தேவையான ஆப் ஓடுகிற கம்ப்யூட்டர் அவ்வளவு பாதுகாப்பானதாக இருக்காது.

இதிலிருந்து வெளியே வர இன்னொரு வழி, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ உருவாக்கிய 'நெட்டாப்' திட்டத்தில், ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனி மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் ஓடின. ஒன்றில் சீக்ரெட் வேலை, மற்றொன்றில் சாதாரண வேலை. ஒவ்வொன்றுக்குள்ளும் மாற்றமே செய்யாத விண்டோஸும் வழக்கமான ஆப்களும். அவற்றுக்கு வெளியே, அடியில் நிற்கும் அடுக்கு மட்டும்தான் காவலர். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய 'க்யூப்ஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டமும் இன்று இதே பாணியில், ஒவ்வொரு விண்டோவையும் வண்ண பார்டரோடு காட்டுகிறது.

'இல்லை' என்று சொன்னாலே ரகசியம் உடையும் இடம்

டேட்டாபேஸில் விவகாரம் இன்னும் சிக்கலானது. ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஒரு ராணுவச் சரக்கு விமானத்தில் பத்து டன் இடம் இருக்கிறது. அதில் ஆறு டன் ரகசிய ஆயுதத்துக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிக்கு சீக்ரெட் லேபிள். சாதாரண அளவில் வேலை பார்க்கும் புக்கிங் ஊழியருக்கு அந்த வரி தெரியாது. அவர் திரையில் விமானம் காலியாகத் தெரிகிறது. எட்டு டன் அரிசி மூட்டையை அதில் ஏற்ற அவர் புக் செய்கிறார்.

இப்போது சிஸ்டம் என்ன சொல்ல வேண்டும்?

'இடம் இல்லை' என்று சொன்னால், காலியாகத் தெரியும் விமானத்தில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். ஃபைலைத் திறக்காமலேயே ரகசியத்தின் பாதி வெளியே வந்துவிட்டது. 'சரி' என்று சொன்னால் விமானத்தில் பாரம் அதிகமாகிவிடும்.

இதற்காகவே சில டேட்டாபேஸ்களில் ஒரே விமானத்துக்கு இரண்டு பதிவுகளை வைக்கிறார்கள். சாதாரண அளவில் பார்ப்பவருக்கு 'ஆறு டன் உதிரி பாகங்கள்' என்று தெரியும். சீக்ரெட் அனுமதி உள்ளவருக்கு உண்மையான விவரம் தெரியும். அதாவது, சாஃப்ட்வேர் திட்டமிட்டே ஒரு மறைப்புக் கதையைச் சொல்கிறது. இங்கே வெறும் 'அனுமதி இல்லை' என்ற பதில் போதாது. என்ன பொய் சொல்வது என்பதையும் ஒரு மனிதர்தான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

கதவு இல்லாத இடத்திலும் கசியும்

எல்லாக் கதவையும் பூட்டினாலும் வேறு வழி உண்டு என்று 1973லேயே கம்ப்யூட்டர் விஞ்ஞானி பட்லர் லாம்ப்சன் சுட்டிக்காட்டினார்.

சீக்ரெட் அளவில் ஓடும் ஒரு கெட்ட ஆப் கீழே எதையும் எழுத முடியாது. ஆனால் அது ஒரு நொடி கம்ப்யூட்டரை முழு வேகத்தில் ஓட வைக்கலாம், அடுத்த நொடி சும்மா இருக்கலாம். கீழ் அடுக்கில் ஓடும் கூட்டாளி ஆப் 'இப்போ மெஷின் மெதுவா இருக்கு, இப்போ வேகமா இருக்கு' என்று கவனித்தால் போதும். மெதுவென்றால் ஒன்று, வேகமென்றால் பூஜ்யம். ஜெயிலில் பக்கத்து அறைக்காரருக்குச் சுவரைத் தட்டிச் செய்தி சொல்கிற மாதிரி, ரகசியம் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

இதை முழுவதுமாக அடைக்க முடிவதில்லை. வேகத்தைக் குறைக்கத்தான் முடிகிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் 1990களில் 'பம்ப்' என்றே பெயரிட்டு ஒரு கருவியை வடிவமைத்தது. கீழிருந்து மேலே டேட்டாவை அனுப்பும்போது 'வந்து சேர்ந்தது' என்று மேலிருந்து ஒரு பதில் வரும் அல்லவா? அந்தப் பதில் வரும் நேரத்தை வைத்துக்கூட ரகசியம் கசியலாம் என்பதால், பதில் நேரத்தைக் கலைத்து அனுப்பும் கருவி அது.

இன்னும் கறாராக இருக்க வேண்டிய இடங்களில் 'டேட்டா டயோடு' வைக்கிறார்கள். இது ஒருவழிப் பாதை. ஃபைபர் கேபிளின் ஒரு முனையில் ஒளியை அனுப்பும் பாகம் மட்டும், மறுமுனையில் வாங்கும் பாகம் மட்டும். திரும்பி அனுப்பக் கருவியே கிடையாது என்பதால் எந்த சாஃப்ட்வேராலும் டேட்டாவைத் திருப்பி அனுப்ப முடியாது.

மேலே இருப்பதைக் கீழே இறக்குவது யார்?

'கீழே எழுதாதே' விதியை அப்படியே பின்பற்றினால், எல்லா ஃபைலும் காலப்போக்கில் மேல் அடுக்குக்கே போய்ச் சேரும். டாப் சீக்ரெட் அளவில் உட்கார்ந்து எழுதிய மதியச் சாப்பாட்டு மெனுவும் டாப் சீக்ரெட் ஆகிவிடும். ஆனால் போர்க்களத்தில் இருக்கும் வீரருக்கோ, கூட்டணி நாட்டுக்கோ, பொதுமக்களுக்கோ சில தகவல்கள் இறங்கி வந்தே ஆக வேண்டும்.

அதற்காக நெட்வொர்க்குகளுக்கு நடுவே 'கார்டு' எனப்படும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. கீழே போக வேண்டிய ஃபைலை அவை பிரித்து மேய்ந்துவிடும். ஒளிந்திருக்கும் திருத்தங்கள், எழுதியவர் பெயர், படத்துக்குப் பின்னால் உள்ள எழுத்து எல்லாவற்றையும் தேடி நீக்கும். பல இடங்களில் அதற்குப் பிறகும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து 'போகலாம்' என்று சொல்ல வேண்டும்.

கலிபாரி அறிக்கை தவறியது இந்த இடத்தில்தான். அன்று நடந்தது மேலிருந்து கீழே இறக்கும் வேலை. அதை ஒரு சாதாரண ஆப்பிடம் ஒப்படைத்து, திரையில் கறுப்பாகத் தெரிந்ததை நம்பிவிட்டார்கள். அதே 2005ஆம் ஆண்டு டிசம்பரில் என்எஸ்ஏ ஒரு கையேட்டை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: ரகசிய எழுத்தை மறைக்காதீர்கள், நீக்குங்கள். அதன் பிறகுதான் புது ஃபைலாக மாற்ற வேண்டும்.

நம் ஊரிலும் ஆதார் எண்ணின் மேல் போன் எடிட்டரில் கோடு கிறுக்கி அனுப்புபவர்கள் உண்டு. ஹைலைட்டர் போன்ற மெல்லிய நிறமாக இருந்தால், பிரைட்னஸைக் கூட்டினாலே அடியில் உள்ள எண் தெரிய வாய்ப்புண்டு. கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மாஸ்க்டு ஆதாரை டவுன்லோடு செய்து அனுப்புவதே நல்லது.

உங்கள் போனுக்குள் இருக்கும் காவலர்

2000ஆம் ஆண்டு டிசம்பரில் என்எஸ்ஏ, லேபிள் முறையை லினக்ஸில் சேர்க்கும் 'எஸ்இ லினக்ஸ்' என்ற மென்பொருளை யாரும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸின் மைய நிரலிலேயே சேர்க்கப்பட்டது. ஆண்ட்ராய்டு போன்கள் ஓடுவது லினக்ஸின் மேல். 2013இல் ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் எஸ்இ லினக்ஸ் நுழைந்தது. 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து முழுமையாகக் கட்டாயமானது.

அதாவது உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஓடும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு லேபிள் இருக்கிறது. நீங்கள் டவுன்லோடு செய்த டார்ச் லைட் ஆப், பேங்க் ஆப்பின் உள் ஃபைல்களைத் திறக்க முடியாமல் தடுப்பவற்றில் இந்தக் காவலரும் ஒருவர். ராணுவத்துக்காக யோசித்த விதி, இன்று நம் யுபிஐக்கும் காவல் நிற்கிறது.

சில அலுவலகங்கள் ஊழியர்களின் போனில் 'ஒர்க் ப்ரொஃபைல்' போட்டுத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மெயில் ஆப் இரண்டு முறை தெரியும், ஒன்றில் மட்டும் பெட்டி போன்ற சின்னம் இருக்கும். அலுவலகப் பக்கத்தில் காப்பி செய்ததைச் சொந்தப் பக்கத்தில் பேஸ்ட் செய்ய முடியாமல் நிறுவனம் தடை போடலாம். இதுவும் அடுக்கு பிரிக்கும் யோசனையின் ஒரு சின்ன வடிவம்தான்.

அப்போ இனிமே எதுவுமே லீக் ஆகாதா?

ஆகும். இந்த முறைக்கு ஒரு தெளிவான எல்லை உண்டு.

2010இல் விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கிய இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை நினைவிருக்கிறதா? அவற்றைக் கொடுத்த செல்சி மேனிங், இராக்கில் ராணுவ உளவுத் தகவல் ஆய்வாளராக இருந்தவர். சிப்பர்நெட்டில் அவற்றைப் படிக்க அவருக்கு அனுமதி இருந்தது. அவர் 'மேலே படிக்கவில்லை'. பாடல் சிடி போலத் தெரிந்த ஒரு டிஸ்கில் எழுதி வெளியே எடுத்துச் சென்றார். லேபிள், ஆப்பின் கையைக் கட்டும். படிக்க அனுமதி உள்ள மனிதரின் மனதைக் கட்டாது.

அவ்வளவு பேருக்கு அனுமதி ஏன் தரப்பட்டது என்பதற்கும் காரணம் இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் 2004இல் தந்த அறிக்கை, உளவு அமைப்புகள் தகவலைத் தங்களுக்குள் பகிராததைப் பெரிய குறையாகச் சொன்னது. அதிகம் மூடினால் தேவையானவருக்குத் தகவல் போய்ச் சேராது. அதிகம் திறந்தால் யாரோ ஒருவர் அள்ளிக்கொண்டு போகலாம்.

இன்னொரு எல்லை 2025 மார்ச்சில் தெரிந்தது. ஏமனில் தாக்குதல் நடத்துவது பற்றி அமெரிக்காவின் மிக மூத்த அதிகாரிகள் 'சிக்னல்' ஆப்பில் ஒரு குரூப் தொடங்கிப் பேசினார்கள். அந்தக் குரூப்பில் தி அட்லாண்டிக் பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பகிரப்பட்டது ரகசிய வகைத் தகவல் இல்லை என்று அமெரிக்க அரசு சொன்னது. எதிர்க்கட்சியினர் அதை ஏற்கவில்லை.

சிக்னலின் என்கிரிப்ஷனை யாரும் உடைக்கவில்லை. ஆனால் என்கிரிப்ஷன் காப்பது வழியில் ஒட்டுக் கேட்பவர்களிடமிருந்து மட்டும்தான். குரூப்பில் இருப்பவருக்கு அந்தத் தகவலைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்கிற லேபிளும் காவலரும் அந்த ஆப்பில் கிடையாது. பாதுகாப்பான சிஸ்டத்தில் வேலை செய்வது சிரமமாக இருந்தால், மனிதர்கள் கையில் இருக்கும் எளிய ஆப்புக்குத் தாவுவார்கள். பாதுகாப்பான சிஸ்டத்திலும் சாதாரண ஆப் சாதாரணமாகவே ஓட வேண்டும் என்று நிபுணர்கள் இத்தனை ஆண்டுகளாக மெனக்கெடுவதற்குக் காரணமும் அதுதான்.

சுருக்கமாக

• ரகசியத்தைத் திறக்கும் ஒவ்வொரு ஆப்பையும் நம்பத் தேவையில்லை. ஆப்புக்கும் டேட்டாவுக்கும் நடுவே உள்ள சின்னக் காவலரை நம்பினால் போதும்.
• மேலே படிக்காதே, கீழே எழுதாதே. 1973இல் எழுதப்பட்ட இந்த இரண்டு விதிகள்தான் அடிப்படை.
• ஆப்பை மாற்றாமல் ஓட வைக்க, அடுக்குக்கு ஒரு ஃபோல்டர் அல்லது அடுக்குக்கு ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர் பயன்படுகிறது.
• மேலிருந்து கீழே தகவலை இறக்கும் இடம்தான் ஆபத்தானது. அங்கே சோதனைச் சாவடியும் மனிதக் கண்ணும் வேண்டும்.
• அனுமதி உள்ளவர் வேண்டுமென்றே எடுத்துச் செல்வதையும், சிஸ்டத்துக்கு வெளியே போய்ப் பேசுவதையும் லேபிளால் தடுக்க முடியாது.
• இதே லேபிள் முறை ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது.